வெந்நீர் ஊற்றிய வரிசை

மேகங்கள் படுக்க வரும் மலை ஒன்று இருந்தது. மாலையானால் ஒவ்வொன்றாக ஏறி வந்து பள்ளத்தில் சாய்ந்துகொள்ளும். விடிந்தபிறகும் எழுந்து போக மனமில்லாமல் கிடக்கும். அந்த மலையில் எது கனவு, எது நடந்தது என்று பிரித்துச் சொல்வது கொஞ்சம் சிரமம்தான். அங்கே இருந்தவர்களும் அதைப் பெரிதாகப் பிரித்துப் பார்த்ததில்லை.

மலைமேல் ஓடு வேய்ந்த மடம். மடத்தைச் சுற்றிக் கோதுமை வயல்.

குருவின் பெயர் குழந்தையம்மாள். நாற்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். முன்பு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விதைகளைக் குளிரில் வைத்து, அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "அங்க குளிருக்குக் கரண்டு பில் கட்டணும். இங்க சும்மா கிடைக்குது" என்பார்.

சீடர் பொன்னுலிங்கம் அவரைவிட ரொம்ப மூத்தவர். தூத்துக்குடியில் ஐஸ் ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தார். ஆயுசு முழுக்கத் தண்ணீரைக் கல்லாக்கி மீன் படகுகளுக்கு ஏற்றிவிட்டவர். அவர் மனைவி மாரித்தங்கம் ஒருநாள் மத்தியானம், சோற்றை வடித்து வைத்துவிட்டு, அப்படியே அடுப்படியில் சரிந்து போய்விட்டாள். ஊரே அழுதது. அவருக்கு ஒரு சொட்டு வரவில்லை. காரியம் முடிந்ததும் வீட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டு மலையேறிவிட்டார்.

மடத்தில் யார் சிரித்தாலும் அவர் சிரிப்பதில்லை. யார் திட்டினாலும் கோபப்படுவதில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் ஞானம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவரே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மார்கழி பிறந்தபோது அவர் குருவிடம் வந்தார்.

"அம்மா, எனக்குக் காவி குடுங்க."

"என்ன அவசரம்?"

"பழுத்துட்டேன்னு தோணுது. நல்லது கெட்டது எதுவும் என்னைத் தொடலை."

குழந்தையம்மாள் முறத்தில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கீழ டீக்கடைக்கு உங்களுக்குப் போன் வந்துச்சாமே?"

பொன்னுலிங்கம் கொஞ்சம் தடுமாறினார்.

"மக பேசினா. கல்யாணம் முடிவாயிருக்கு. கூப்பிட வாராளாம். தாரை வார்க்க நான் நிக்கணுமாம்."

"எப்ப வர்றா?"

"அடுத்த வாரக் கடைசியில."

"அதுக்குள்ள காவி வேணும்."

"காவி கட்டினவன் தாரை வார்க்க முடியாதுல்லா அம்மா. அவளும் கேக்க மாட்டா."

முறம் ஒருமுறை எழும்பி இறங்கியது. பதர் பறந்து மேகத்தோடு போய்ச் சேர்ந்தது.

"கோதுமையைக் கேட்டுப் பாப்போம்" என்றார் குரு.

*

குரு ஒரு கைப்பிடி கோதுமையை எடுத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைத் துணியில் நனைத்துக் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். இதமான சூட்டில் அது வெள்ளை முளை விட்டது. மறுபாதியை அப்படியே உலர்ந்த விதையாக வைத்திருந்தார்.

ஒரு மாலையில் வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பனி இறங்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. குரு இரண்டையும் தனித்தனித் தட்டில் பரப்பிப் பொன்னுலிங்கத்திடம் கொடுத்தார்.

"பள்ளத்துல வச்சிட்டு வாங்க."

காலையில் பொன்னுலிங்கம் போய்ப் பார்த்தார். புல், கல், வேலி எல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தன. இரண்டு தட்டுகளிலும் உப்பு தூவினாற்போல் பனி.

வெயில் ஏறியதும் முளைவிட்ட கோதுமை கறுத்துக் குழைந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. உலர்ந்த விதை பனியை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது. அதைக் கொண்டுவந்து ஈரமண்ணில் போட்டார்கள். சில நாளில் அத்தனையும் முளைத்தது.

பொன்னுலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளும் சிரிக்காத மனிதர் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா அம்மா? காஞ்சது பொழச்சிக்கிட்டு. ஈரம் செத்துட்டு. இதைத்தான் நான் சொல்லுதேன்."

"ஆமா."

"உள்ள தண்ணி இல்லை. தண்ணி இருந்தா ஐஸ் கட்டும். கட்டினா வெடிக்கும். பாட்டிலை நிறைச்சி மூடி ஐஸ் ரூம்ல வச்சிப் பாருங்க, தெரியும்."

"தண்ணி இல்லாதது மட்டும் இல்லைய்யா. தண்ணி இல்லாம ஒரு உயிர் எப்படி நொறுங்காம இருக்கும்? கதிர் காயறப்பவே விதை தனக்குள்ள ஒரு புரதம் பண்ணி வச்சுக்கும். வளையல் பெட்டியில வளையலுக்கு வளையல் காகிதம் சுத்தி வைப்பாங்கல்ல, அது மாதிரி. ஒண்ணோட ஒண்ணு உரசாது, ஒட்டாது. எவ்வளவு காஞ்சாலும், எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ள இருக்கிறது பத்திரமா இருக்கும்."

"முளைவிட்டதுல அந்தப் புரதம் எங்க போச்சு?"

"விதையே அதைக் கரைச்சுத் தின்னுடுச்சு."

"கிறுக்கா அதுக்கு? காப்பாத்துறதையா திங்கும்?"

"காகிதத்தைப் பிரிக்காம வளையல் போட முடியாதேய்யா."

பொன்னுலிங்கம் யோசித்தார்.

"அப்ப முளைக்காமலே இருந்துட்டா?"

"இருக்கலாம். டப்பாவுல ரொம்ப வருசம் இருக்கும்."

"அது போதும் எனக்கு."

"சரி" என்றார் குரு. "நாளைக்குக் காலையில காவி முக்கிக்குங்க."

இவ்வளவு லேசாக முடியும் என்று பொன்னுலிங்கம் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ சோறு இறங்கவில்லை.

*

அன்று அவருக்கு ஒரு கனவு வந்தது. பழைய ஐஸ் ஃபேக்டரி. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கேன்கள் வரிசையாக நிற்கின்றன. கேனைத் தூக்கிக் கவிழ்க்கிறார். கண்ணாடி மாதிரி ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வருகிறது. நடுவில் மாரித்தங்கம் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். ஆவி பறக்கிறது. ஐஸ் உருகவில்லை. "சாப்பிட வாங்க" என்கிறாள். எந்தப் பக்கமாகப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. பாளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

விழித்தபோது வெளுத்திருந்தது. மடத்து அடுப்பில் பெரிய பானையில் வெந்நீர் தளதளத்துக்கொண்டிருந்தது. காவி முக்கத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வயலைப் பார்த்தார்.

பள்ளத்தோடு நின்றிருந்த பனி இரவில் மேலேறி வந்திருந்தது. ஐப்பசியில் விதைத்த கோதுமை நாற்று. நேற்று மாலைவரை பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. இப்போது வயல் முழுக்க மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு தாளும் கண்ணாடித் துண்டுபோல விறைத்து, கரும்பச்சையாகி, மேலே வெள்ளைப் பனி. ஒன்றைத் தொட்டார். சில்லென்று ஒடிவதுபோல் இருந்தது.

"அம்மா! செத்துட்டும்மா! எல்லாம் செத்துட்டு!"

அவர் சத்தம் போட்டு மடத்தில் யாரும் கேட்டதில்லை. துணியை எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாது. உள்ளே ஓடினார். வெந்நீர்ப் பானையைத் தூக்கினார். கை சுட்டது தெரியவில்லை. வெறுங்காலோடு பனியில் ஓடி, முதல் வரிசையின் மேல் ஊற்றிக்கொண்டே போனார். ஐஸ் கேனில் பாளம் பிடித்துக்கொண்டால் கேனைத் தண்ணீரில் முக்கித்தான் விடுவிப்பார்கள். வாழ்நாளெல்லாம் அதைச் செய்த கை. வேறு என்ன செய்யும்?

பனி புஸ்ஸென்று கரைந்தது. ஆவி எழுந்து அவரையே மறைத்தது. முதல் வரிசை முடிந்ததும் பானை காலி.

இன்னொரு பானைக்குத் திரும்பினார். எதிரே குழந்தையம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"போதும்யா."

"மிச்சம் சாகுதேம்மா!"

"உக்காருங்க."

"அம்மா..."

"உக்காருங்கய்யா."

வரப்பில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. குருவும் பக்கத்தில் அமர்ந்தார். மேகம் ஒன்று இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

வெயில் கிழக்கு மேட்டைத் தாண்டி மெதுவாக, வரிசை வரிசையாக வந்தது. பனி நீரானது. நீர் சொட்டியது. சாய்ந்து கிடந்த தாள்களில் ஒன்று லேசாக அசைந்தது. அப்புறம் இன்னொன்று. தூக்கத்தில் புரண்டு எழுவதுபோல வயல் எழுந்தது. உச்சிவெயிலுக்கு முன்பே பச்சையாக நின்றது.

முதல் வரிசை எழவில்லை. வெந்து மஞ்சளாகி மண்ணில் ஒட்டிக் கிடந்தது.

பொன்னுலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே கொன்னுட்டேன்."

குரு அவர் காலைப் பார்த்தார். பனியில் ஓடியதில் பாதம் சிவந்து வீங்கியிருந்தது.

"எதுவும் தொடலைன்னீங்க."

பொன்னுலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அந்த மத்தியானம் அடுப்படியில் தான் ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை, ஏன் தூண் மாதிரி நின்றோம் என்ற கேள்வி. அதை அவர் இத்தனை நாளும் திறந்தே பார்த்ததில்லை. இப்போது அது வலித்தது. நன்றாகவே வலித்தது.

எழுந்து நின்ற தாள் ஒன்றைத் தொட்டார்.

"அம்மா. இதுவும் ஈரந்தானே?"

"ஈரந்தான்."

"முளைச்சப்ப அந்தப் புரதத்தைத் தின்னுட்டுதானே?"

"தின்னுச்சு."

"பொறவு எப்படிச் சாகலை?"

"திரும்பப் பண்ணிக்கிச்சு."

"ஈரத்துக்குள்ளயேவா?"

"ஈரத்துக்குள்ளயேதான். பச்சையா இருக்கும்போதே. அதே மாதிரிப் புரதம்தான். ஐஸ் வெளியில கட்டும். உள்ள இருக்கிற தண்ணி அதுக்கு இழுபட்டு வெளிய போகும். சுருங்கும், வாடும், சாஞ்சிடும். ஆனா உடையாது. வெயில் வந்தா தண்ணி உள்ள திரும்பும்."

"முளைகட்டினதுக்கு மட்டும் ஏன் அது வரலை?"

"அது அடுப்புச் சூட்டுல இருந்துச்சு. நேரா பள்ளத்துல கொண்டுபோய்ப் போட்டோம். இதுக்குக் கார்த்திகை முழுக்கக் குளிர்ந்த காலை கிடைச்சுச்சு. ஒரு நாள் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு குளிருக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பண்ணி வச்சுக்கிச்சு."

"எங்க வீட்டுலயும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அடுப்படி, வடித்த சோறு, மத்தியானம். அதுவும் சூட்டிலிருந்து நேராகப் பள்ளம்தான்.

*

மகள் பிரம்மசக்தி அன்றைக்கே வந்துவிட்டாள். காலை பஸ் மேகத்தில் தடவித் தடவி ஏறி, தாமதமாக வந்திருந்தது. மடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளுக்கு முதலில் அப்பாவின் தலை மட்டும்தான் தெரிந்தது. மற்றதை மேகம் வைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா."

"வா."

"கையில என்ன கட்டு?"

"வெந்நி பட்டுட்டு."

"காலு?"

"பனி."

"நல்லாத்தான் இருக்கு. ஒரே நாளையில ரெண்டுமா?"

அவள் தாய் கேட்கிற மாதிரியே கேட்டாள். பொன்னுலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

குழந்தையம்மாள் அவளுக்குக் காப்பி கொடுத்தார். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"சித்தப்பா நிக்கேன்னு சொல்லுதாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

"அவன் நின்னா என்ன? நல்ல மனுசன்."

"நல்ல மனுசந்தான். எனக்கு நீங்க வேணும்."

"தண்ணி ஊத்த உங்கம்மை இல்லை. நான் மட்டும் எப்படிம்மா?"

"சித்தி ஊத்துவாங்க. எல்லாம் கேட்டாச்சி. தண்ணி உங்க கை வழியாத்தான் என் கையில விழணும். வேற ஒண்ணும் கேக்கலை."

அவர் கைக்கட்டின் நுனியைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

"அன்னைக்கு அம்மையைத் தூக்கும்போது உங்களைப் பிடிச்சிக்கிட்டு அழுதேன்" என்றாள். "சுவரைப் பிடிச்சிக்கிட்ட மாதிரி இருந்துச்சி. அதுக்காக உங்களைக் கோவிக்கலைப்பா. நீங்க நின்னீங்கல்லா, அதுவே பெரிசு. இப்பவும் சுவராவே வந்து நில்லுங்க. போதும்."

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இது அவரை எங்கோ போய்த் தொட்டது. எழுந்து விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பின்கட்டில் கல்தொட்டி. வெயில் எட்டாத மூலை. தண்ணீர் மேல் பனிக்கட்டி இன்னும் மெல்லிய ஏடாக மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். ஆயுசெல்லாம் பார்த்த ஐஸ்தான். முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

குரு பின்னாலேயே வந்தார்.

"அம்மா, இவ இப்படிக் கேப்பான்னு நினைக்கலை."

"ம்."

"போகாம இருக்கவும் முடியாதுபோல இருக்கு."

"ம்."

"போனா... மண்டபம் நிறைய ஆளு இருக்கும். அந்தத் தண்ணி கையில விழும்போது மாரித்தங்கம் பக்கத்துல இருக்க மாட்டா. எல்லாம் சேர்ந்து ஒரேயடியா வந்துரும். நான் வெடிச்சிருவேன் அம்மா. எத்தனை பாட்டிலைப் பாத்திருக்கேன். சில்லு சில்லாப் போயிரும். அவ கல்யாணத்துல அது நடக்கக்கூடாது."

குரு உள்பக்கம் திரும்பி, "சக்தி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டார்.

அவள் டம்ளரோடு வந்தாள்.

"அதைக் கீழ வை. அப்பாவுக்குப் பக்கத்துல நில்லு. ரெண்டு கையும் குவிச்சுப் பிடி. அய்யா, சுடாத கையை அவ கைக்கு மேல நீட்டுங்க."

"எதுக்கும்மா?"

"நீட்டுங்க."

பொன்னுலிங்கம் வலக்கையை நீட்டினார். கீழே மகளின் கை. அந்த விரல்களை அவர் பார்த்து எத்தனை நாளாயிற்று. சுண்டுவிரல் அப்படியே அவள் தாயுடையது.

குழந்தையம்மாள் தொட்டியில் செம்பை முக்கினார். பனிக்கட்டி ஏடு விரிசல் விட்டு விலகியது. செம்பைச் சாய்த்து, ஒரு நூல் அளவுக்கு, மெதுவாக அவர் உள்ளங்கையில் வார்த்தார். தண்ணீர் விரலோரமாக இறங்கி மகளின் கையில் விழுந்தது.

அவர் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணோரம் ஒரு சொட்டு வந்து, போகும் வழி தெரியாததுபோல் அங்கேயே நின்றது. மகள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"குளிருதும்மா" என்றார் பொன்னுலிங்கம்.

குரு செம்பை நிமிர்த்தவில்லை.

"குளிரட்டும்யா. முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் கிடக்கு."